பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு குழி

திருமணமான அடுத்த ஆண்டு நாங்கள் மலாயாவில் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்துக்குக் குடிபோனோம். என் கணவருக்கு அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள் அப்போதுதான் தொடங்கியிருந்தன. பெரிய சண்டை முடிந்து ரப்பருக்கு நல்ல விலை இருந்தது. தோட்டத்தில் எல்லாரும் அந்த விலை அப்படியே நிற்கும் என்று நம்பினார்கள். நாங்களும் நம்பினோம்.

பள்ளிக்கூடம் என்பது அத்தாப்பு ஓலை வேய்ந்த ஒரு நீளக் கொட்டகை. இடுப்பளவுக்குப் பலகைச் சுவர். அதற்கு மேலே திறந்த வெளி. ஒரு கோடியில் தட்டி வைத்து மறைத்து எங்களுக்கு ஓர் அறையும் அடுப்படியும் கொடுத்திருந்தார்கள். நான் ஈப்போவில் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்திருந்தேன். என் கணவர் ஒருவராக நான்கு வகுப்புகளையும் வைத்துக்கொண்டு திணறுவதைத் தட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். இரண்டாவது மாதம் சின்னப் பிள்ளைகளை என் பக்கம் கூப்பிட்டு உட்கார வைத்து ‘அ’ எழுதச் சொன்னேன். சம்பளம் கிடையாது. ஆனால் ‘வாத்தியாரம்மா’ என்று எல்லாரும் கூப்பிட ஆரம்பித்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

பால்மரம் வெட்டுகிறவர்கள், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கிறவர்கள், விடியுமுன்னே பெரட்டுக்களத்தில் போய்ப் பேர் கொடுக்க வேண்டும். அதனால் தாய்மார்கள் இருட்டிலேயே சமைத்துப் பிள்ளைகளுக்கு வாழையிலையில் ஏதாவது கட்டி வைத்துவிட்டுப் போவார்கள். பழைய சோறும் கருவாடும், அவித்த மரவள்ளிக் கிழங்கு, சில நாள் வெறும் சோற்றில் உப்பு. வெயில் ஏறிய பிறகு என் கணவர் மணி அடிப்பார். பிள்ளைகள் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரிப்பார்கள். சாப்பிட்டதும் இலையைக் கசக்கி அங்கேயே எறிவார்கள். கிழங்குத் தோல், கருவாட்டுத் தலை, பலாக்கொட்டை, நனைந்த இலை எல்லாம் அந்தப் பின்புறத்தில் கிடந்து மக்கும். மழை பெய்தால் அழுகும். வெயில் அடித்தால் நாறும். ஈ கறுப்பாக மொய்க்கும். என் பக்கத்துப் பிள்ளைகள் ஒரு கையால் ஈயை ஓட்டிக்கொண்டே மறு கையால் எழுதுவார்கள்.

தோட்டத்து ஆஸ்பத்திரியை நடத்திவந்தவர் டிரஸர். மருந்து கொடுப்பதும் கட்டுப்போடுவதும் ஊசி குத்துவதும் அவர்தான். அந்த மழைக்காலத்தில் வயிற்றுக்கடுப்பு வந்து, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் நிறையப் பேர் படுத்துவிட்டார்கள். இரண்டு குழந்தைகள் இறந்தும் போயின. டிரஸர் குடையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டார்.

“என்ன வாத்தியாரே இது? இதுல இருந்துதான் ஈ ஆஸ்பத்திரி வரைக்கும் வருது. தெனமும் கூட்டி எரிச்சிடுங்க. இது தொரை உத்தரவு.”

தொரை என்றால் தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜர். அவர் உண்மையில் அப்படி உத்தரவு போட்டாரா என்று நாங்கள் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து எரித்தோம். எரித்தோம் என்று சொல்வதுகூடச் சரியில்லை. ஈர இலை எரியாது, புகையும். அந்தப் புகை காற்றோடு நேராகக் கொட்டகைக்குள் வரும். பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருமுவார்கள். என் கணவர் வாய்ப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு வெளியே போய் நிற்பார்.

ஒரு வாரம் பார்த்துவிட்டு, “குழி வெட்டி மூடிடலாங்க” என்றேன்.

“பள்ளிக்கூடத்துல குழி வெட்டினா எந்தப் புள்ளையாவது விழும். அப்புறம் நான்தான் பதில் சொல்லணும்.”

“வேலி கட்டிக்கலாம்.”

“வெட்டுறது யாரு?”

பெரிய பிள்ளைகள் வெட்டினார்கள். சனிக்கிழமை மண்வெட்டியோடு வந்து என் இடுப்பளவு ஆழத்துக்குச் செம்மண்ணைத் தோண்டினார்கள். ரப்பர் வேர் குறுக்கே குறுக்கே வந்ததால் கத்தியும் தேவைப்பட்டது. மூங்கிலைப் பிளந்து சுற்றிலும் வேலி கட்டினோம். தோண்டிய மண்ணைப் பக்கத்தில் குவித்து வைத்தோம். அந்தக் குவியலில் உடைந்த பால் மங்குகள் சிலவற்றைப் போட்டு வைத்தேன். மரத்தில் பால் பிடிக்கிற மண் கிண்ணத்துக்கு மங்கு என்று பெயர். வாய் உடைந்தவை ஸ்டோருக்குப் பின்னால் வேண்டிய மட்டும் கிடைக்கும்.

நான் வைத்த வழக்கம் சின்னது. சாப்பிட்டு முடித்தவர்கள் இலையையும் மிச்சத்தையும் குழிக்குள் போட வேண்டும். ஒரு மங்கு மண்ணை மேலே தூவ வேண்டும். பிறகு கை கழுவ வேண்டும். குப்பை போடுவதைவிட மண் தூவுவது பிள்ளைகளுக்கு விளையாட்டாகிவிட்டது. ஒரு இலைக்கு மூன்று மங்கு மண் போடுகிறவர்களும் இருந்தார்கள். அவர்களைத் தடுக்காவிட்டால் குழி ஒரே மாதத்தில் நிரம்பிவிடும் போலிருந்தது. பிறகு ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கிற மாதம் வந்தபோது, மண்ணுக்குப் பதிலாகக் காய்ந்த இலையைப் போடச் சொன்னேன். அது நல்லதாகப் போயிற்று. குழிக்குள் சூடு ஏறியது. காலையில் பார்த்தால் மெல்ல ஆவி பறக்கும்.

ஈ குறைந்தது. டிரஸர் வந்து ஒரு குச்சியால் கிளறிப் பார்த்தார். பிறகு தொரையிடம், தானே சொல்லிப் பள்ளிக்கூடத்தில் குழி வெட்ட வைத்ததாகச் சொன்னாராம். என் கணவருக்குக் கோபம். எனக்கு நிம்மதி. குழி டிரஸருடையது என்று ஆகிவிட்டால் அதை மூடச் சொல்லமாட்டார் அல்லவா?

ஆனால் குழியால் ஒருத்திக்கு நஷ்டம் இருந்தது. அது எனக்குத் தெரியவே இல்லை.

தோட்டத்து எல்லையில், ஆற்றுக்குப் போகிற வழியில், ஒரு சீனப் பெண் பன்றி வளர்த்துவந்தாள். நாற்பது வயதிருக்கும். மண்ணெண்ணெய்த் தகரங்கள் இரண்டைக் காவடிக் கம்பில் தொங்கவிட்டுக்கொண்டு தினமும் மத்தியானம் வருவாள். பால்குடிப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற ஆயாக்கொட்டகையில் மிச்சக் கஞ்சியை வாங்கிக்கொள்வாள். பள்ளிக்கூடத்துப் பின்புறத்தில் கிடக்கிற சோற்றையும் தோலையும் பொறுக்கிக்கொள்வாள். நாங்கள் அப்போது பாடத்தில் இருப்போம். அவள் வந்துபோனதை நான் கவனித்ததில்லை. குழி வெட்டிய பிறகு ஒரு நாள் அவள் என் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். காலித் தகரங்களைக் கீழே வைத்தாள்.

“பாபி லாப்பார்” என்றாள். மலாயில், பன்றிகளுக்குப் பசி என்று அர்த்தம்.

என் மலாய் ஈப்போ சந்தையில் கற்றது. அவளுடையது கோப்பெங் ஈயச் சுரங்கத்தில் கற்றது. அங்கே மரத்தட்டில் ஈயம் அரித்துக்கொண்டிருந்தாளாம். புருஷன் மண் சரிந்து செத்த பிறகு இந்தப் பக்கம் வந்துவிட்டாளாம். இரண்டு பேருடைய மலாயும் சேர்ந்து எப்படியோ பேச்சு ஓடியது. குழியைக் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினாள். இவ்வளவும் மண்ணுக்கா என்று கேட்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

அன்றே பேசி முடித்தோம். சோறு, கிழங்கு, கருவாட்டுத் தலை அவளுக்கு. இலை, தோல், கொட்டை, சக்கை குழிக்கு. அவளுக்கு உரியதைப் போட ஒரு தகரத்தை நானே வேலிக்குப் பக்கத்தில் வைத்தேன். எது எதில் போக வேண்டும் என்று பிள்ளைகள் இரண்டு நாளில் பழகிக்கொண்டார்கள். கருவாடு குழிக்குப் போகாததால் உடும்பு வந்து கிளறுவதும் நின்றது. அவள் எப்போதாவது இரண்டு வாத்து முட்டை கொண்டுவந்து அடுப்படித் திண்டில் வைத்துவிட்டுப் போவாள். நான் கேட்டதில்லை.

ஆறேழு மாதம் கழித்துக் குழியின் ஒரு பக்கத்தை வெட்டினோம். மண் கறுத்து, உதிரியாக, மழை விழுந்த காட்டு வாசனையோடு இருந்தது. அந்தச் செம்மண்ணில் அதுவரை நான் போட்ட கீரை எதுவும் விரலளவுக்கு மேலே வளர்ந்ததில்லை. இந்த மண்ணைப் பரப்பித் தண்டுக்கீரை விதைத்தோம். முழங்கால் உயரம் வந்தது. பிள்ளைகளுக்குக் கட்டுக் கட்டாகக் கொடுத்து அனுப்பினேன். லயத்தில் வாத்தியாரம்மா கீரை என்று அதற்குப் பேர் வந்தது.

அப்போதுதான் அந்தச் சீனப் பெண் நல்ல மனசோடு ஒரு காரியம் செய்தாள். நாங்கள் மண் எடுத்து விதைக்கிறதைப் பார்த்திருக்கிறாள். ஒரு மத்தியானம் இரண்டு தகரம் நிறையப் பன்றிச் சாணியைச் சுமந்து வந்து குழிக்குள் கொட்டிவிட்டாள். நான் உள்ளே குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு வெளியே வந்தபோது தகரங்களைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“தானா பாகுஸ்” என்றாள். மண்ணுக்கு நல்லது என்கிறாள். அவள் சொன்னது உண்மைதான். நான் தலையை ஆட்டினேன். கொட்டியது கொட்டியாகிவிட்டது.

பிள்ளைகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் லயம் முழுவதும் தெரிந்துவிட்டது.

மறுநாள் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. மத்தியானம், பால் வெட்டிவிட்டுத் திரும்பியதும், ஒரு பெண் நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். உடையில் பால் கறை காய்ந்திருந்தது. அவளை எனக்குத் தெரியும். என் பக்கத்தில் படிக்கிற ஒரு பெண் பிள்ளையின் தாய். உயரமானவள். மாரியம்மன் கோயில் திருவிழாவில் பொங்கல் பானையை இறக்குகிறவள் அவள்தான். லயத்தில் அவள் பேசினால் மற்றவர்கள் கேட்பார்கள்.

“வாத்தியாரம்மா, ஒன்னு கேக்கணும்.”

“உக்காருங்க.”

அவள் உட்காரவில்லை. “சீனத்தி கொட்டுனது பன்னிச் சாணிதானே?”

“ஆமா.”

“தெரிஞ்சுதான் விட்டீங்களா?”

“கொட்டின பெறகுதான் பாத்தேன். முன்னாடியே பாத்திருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன்.”

“போன வாரம் குடுத்த கீரை?”

“அது அதுக்கு முந்தி எடுத்த மண்ணு.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் சொன்னதை நம்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை. “எங்க வீட்டுல அம்மனுக்கு வெரதம் இருக்குற வாரம் அந்தக் கீரையத்தான் ஆக்குனேன்” என்றாள். “இனிமே எம்புள்ள அந்தக் குழிப் பக்கம் போவாது. அதுல காய்ச்சது எதுவும் எங்க வீட்டுக்கு வரவும் வேணாம்.”

லயத்தில் பன்றிக்கறி தின்கிற வீடுகளும் இருந்தன. அந்தச் சீனப் பெண்ணிடமே வாங்கித் தின்பார்கள். ஆனால் பேச்சு என்று வந்தபோது அவர்களும் இவளோடு சேர்ந்துதான் பேசினார்கள். என் கணவர் சாயங்காலம் சாப்பிடும்போது தலையைத் தூக்காமலே சொன்னார்.

“குப்பை கெடந்தா டிரஸர் மட்டும்தான் திட்டுவாரு. இப்ப பாரு, லயமே திட்டுது.”

“எரிச்சப்ப வந்த புகை உங்களுக்கு மறந்துபோச்சா?”

“மறக்கல. நாளைக்கு அந்தக் குழியை மூடிடு.”

மூடினோம். குவித்திருந்த செம்மண்ணையெல்லாம் தள்ளி மிதித்துச் சமப்படுத்தினோம். கொட்டகையின் மறு பக்கத்தில் வேறு குழி வெட்டினோம். சீனப் பெண்ணுக்கு விஷயத்தைச் சொன்னேன். பன்றிச் சாணி எங்களுக்கு ஆகாது என்பதை எப்படிச் சொன்னாலும் அவளுக்குப் புரியவில்லை. ஆனால் நான் சங்கடப்படுகிறேன் என்பது புரிந்தது. அதற்குப் பிறகு கொண்டுவரவில்லை. தகரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போவாள். வாத்து முட்டையும் நின்றுவிட்டது. பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். அந்த உயரமான பெண்ணின் மகள் கடைசியாக வந்தாள். தாய் சொன்ன மாதிரியே, இலையைக் கையிலேயே சுருட்டி வைத்திருந்து வீட்டுக்குக் கொண்டுபோவாள்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது.

எப்படி விழுந்தது, ஏன் விழுந்தது என்பதெல்லாம் ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணிமார்கள் பேசிக்கொள்வார்கள். எங்களுக்குத் தெரிந்தது, பழைய மரங்கள் இருந்த பக்கத்தில் பால் வெட்டை நிறுத்திவிட்டார்கள். பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்தவர்களில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பினார்கள். சில குடும்பங்களைக் கப்பலேற்றி ஊருக்கே அனுப்பிவிட்டார்கள். கடையில் கொடுத்த அரிசி நாறியது, அதுவும் குறைவாகத்தான் கிடைத்தது.

அதை நான் புதுக் குழியில் பார்த்தேன். முதலில் கருவாட்டுத் தலை நின்றது. சீனப் பெண்ணின் தகரத்தில் சோறு என்று எதுவும் விழவில்லை. பிறகு கிழங்குத் தோலும் குறைந்தது. தோலைச் சீவாமலே அவித்தார்கள். இலைகள் மட்டும் விழுந்தன, நாக்கால் வழித்துத் துடைத்த மாதிரி. அப்புறம் பொட்டலம் இல்லாமலே வருகிற பிள்ளைகள் அதிகமானார்கள். மணி அடித்தால் எழுந்து போகமாட்டார்கள். சிலேட்டில் ஏதாவது கிறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். என் கணவர் மணி அடிப்பதையே விட்டுவிட்டார். நாங்கள் எங்களுடைய அரிசியில் கஞ்சி வைத்து ஊற்றிப் பார்த்தோம். எங்களிடமும் அவ்வளவு இல்லை.

மூடிய பழைய குழியில் இதற்குள் ஒரு பூசணிக்கொடி முளைத்திருந்தது. யார் வீட்டுப் பூசணி விதையோ. நான் அதைப் பிடுங்கவும் இல்லை, தண்ணீர் ஊற்றவும் இல்லை. அது மூங்கில் வேலியில் ஏறி, கொட்டகைச் சுவரைத் தாண்டி, அத்தாப்புக் கூரையில் படர்ந்தது. இலை ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவு. காய்கள் தரையிலும் கூரையிலும் காய்த்துப் பருத்தன. கூரையில் காய்த்தவற்றின் பாரத்தில் அத்தாப்பு ஓரிடத்தில் உள்வாங்கி மழை ஒழுகியது. யாரும் தொடவில்லை. பிள்ளைகள்கூட அண்ணாந்து பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

ஒரு காலையில் பாடம் நடந்துகொண்டிருந்தபோது அந்த உயரமான பெண் வந்தாள். அன்று அவளைப் பெரட்டிலிருந்து திருப்பி அனுப்பியிருந்தார்கள். கையில் வெட்டுக்கத்தி இருந்தது.

“அந்தப் பூசணிக்காய யாரு அறுக்கப்போறா?” என்று கேட்டாள்.

“யாரும் இல்ல” என்றேன்.

“நான் அறுக்கறேன்.”

அவளே சொன்னாள். “வேணாம்னு பேசுனவ நான். நானே அறுத்தாத்தான் மத்தவங்க திம்பாங்க.”

பெரிய காயாகப் பார்த்து இரண்டை அறுத்தாள். பின்பக்கம் கொண்டுபோகவில்லை. பள்ளிக்கூடத்துக்கு முன்னால், லயத்திலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் உட்கார்ந்து வெட்டினாள். வேலை இல்லாமல் வீட்டில் இருந்த பெண்கள் வந்து தள்ளி நின்றார்கள். “கோயில் அண்டாவ எடுத்தாங்க” என்று அவர்களைப் பார்க்காமலே சொன்னாள். கொஞ்ச நேரம் யாரும் நகரவில்லை. பிறகு ஒருத்தி போனாள். கல்லைக் கூட்டி, காய்ந்த ரப்பர் விறகை வைத்து, காய்ந்த மிளகாயும் உப்பும் எங்கள் வீட்டு அரிசியும் போட்டு ஒரு கூழ் மாதிரி ஆக்கினார்கள். பிள்ளைகள் மங்குகளையே கழுவி எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அவள் தன் மகளுக்குத்தான் முதலில் ஊற்றினாள். எல்லாரும் பார்க்கட்டும் என்று செய்தாள் என்று நினைக்கிறேன்.

பூசணிக்காய் தித்திப்பாக இருந்தது. என் கணவர் இரண்டு மங்கு குடித்தார்.

மத்தியானம் சீனப் பெண் வழக்கம்போல வந்தாள். அடுப்பையும் கூட்டத்தையும் பார்த்துத் தயங்கி நின்றாள். அந்த உயரமான பெண் எழுந்து, பூசணித் தோலையும் உள்ளே இருந்த சோற்றியையும் அள்ளி அவளுடைய தகரத்தில் போட்டாள். பிறகு குழியைக் காட்டிக் கையை ஆட்டித் தமிழிலேயே சொன்னாள்.

“இந்தா, எடுத்துக்க. சாணிய மட்டும் இங்க கொட்டாதே.”

“பாய்க், பாய்க்” என்று, சரி சரி என்கிற மாதிரி, சீனப் பெண் தலையாட்டினாள். என்னிடமிருந்து பல வாரம் புரியாதது இவளிடமிருந்து உடனே புரிந்துவிட்டது.

கொடி ஓய்கிற வரைக்கும் அப்படியே நடந்தது. பூசணி தீர்ந்த நாட்களில் கிழங்கு போட்டார்கள். பூசணி இலையையும் பூவையும்கூட விட்டுவைக்கவில்லை. ஒரு தடவை தொரை குதிரையில் வந்தவர் நிறுத்தி என்னவென்று விசாரித்தார். என் கணவர் சொன்னார். அவர் குதிரையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். சில நாள் கழித்து ஸ்டோரிலிருந்து பள்ளிக்கூடத்துக்கென்று ஒரு மூட்டை அரிசி வந்தது. நொய்யரிசிதான். கேட்காமல் வந்தது.

அந்த உயரமான பெண்ணின் குடும்பம் அதற்கடுத்த வருஷம் சுங்காய்ப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போய்விட்டது. அவள் அண்ணன் அங்கே கங்காணியாக இருந்தானாம். போகிற அன்று மகளைக் கூட்டிக்கொண்டு வந்து என்னிடம் சொல்லிக்கொண்டு போனாள். “அங்க பள்ளிக்கூடம் இருக்கான்னு தெரியல. இல்லாட்டி இவ மறந்துருவா” என்றாள். அந்தப் பிள்ளைக்கு அப்போது தன் பேரையும் தாய் பேரையும் எழுதத் தெரியும். அதற்கு மேல் எனக்குச் செய்தி வரவில்லை.

ரப்பர் விலை மறுபடி ஏறியது. என் கணவரைக் கோப்பெங்குக்கு மாற்றினார்கள். அங்கே எங்களுக்குக் கிடைத்த வீட்டுக்குப் பின்னால் பழைய ஈயச் சுரங்கத்து வெள்ளை மணல்தான். புல்கூட முளைக்கவில்லை. நான் அடுப்படிக் கழிவைத் தினமும் கொண்டுபோய் அந்த மணலில் புதைத்துவந்தேன். அடுத்த வீட்டுக்காரர்கள் எனக்கு ஏதோ கோளாறு என்று நினைத்தார்கள். முதல் வருஷம் வந்த கீரை கசந்தது. இரண்டாவது வருஷம் கத்தரிக்காய் காய்த்தது. அதைப் பக்கத்து வீட்டம்மாவே வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.